சாவடியில் அகப்பட்ட கட்டி

என் உடம்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. என் கணவர் இல்லை, டாக்டரும் இல்லை. மகாவலிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பெண்களைத் தடவிப் பார்க்கிற ஒரு பொலிஸ்காரப் பெண்தான். யுத்தம் வடக்கில் நடந்துகொண்டிருந்தது. அதற்கான சோதனை கண்டியில் எங்கள் சட்டைக்குள் வரைக்கும் வந்திருந்தது.

அப்போது குண்டசாலையில் வாடகைக்கு இருந்தோம். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் கற்பித்தேன். தினமும் காலையில் பஸ் பாலத்துக்கு முன்னால் நிற்கும், எல்லோரும் இறங்குவோம். ஆண்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை. பெண்கள் தகரத்தாலும் சாக்குத் திரையாலும் அடித்த ஒரு கூண்டுக்குள் ஒவ்வொருவராகப் போகவேண்டும். சிங்களப் பெண்களையும் சோதிப்பார்கள். ஆனால் அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டால் கை கொஞ்சம் நிதானமாகப் போகும். சண்டை பிடிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. உள்ளே போனதும் கைகளை விரித்து, கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எடுக்கவேண்டிய பாடத்தை மனதுக்குள் ஓட்டுவேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு வருடமாக என்னைத் தொட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று இடது மார்பின் ஓரத்துக்கு வந்த கை நின்றது. மறுபடி அமுக்கியது.

"மேக்க மொக்கத்த?" என்றாள். இது என்ன என்று கேட்கிறாள்.

எது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். துணிக்கு அடியில் என்னவோ உருண்டு நின்றது. முதலில் வந்த பயம் நோயைப் பற்றியது அல்ல. எதையோ ஒளித்துக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்றுதான் பதறினேன். "என்னுடையதுதான், என்னுடையதுதான்" என்று சிங்களத்தில் உளறினேன். நல்ல பதில்! வேறு யாருடையதாக இருக்கும்?

வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையை ஆட்டினாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்தி, அலுமாரிக் கண்ணாடி முன் நின்று தேடினேன். கிளினிக்கில் எப்போதோ கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. மார்பைத் தானே எப்படிச் சோதிப்பது என்று படம் போட்டு, முழுக்கச் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. படத்தில் இருந்தவள் ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே நின்று தடவினேன். தடவத் தடவ எல்லாமே கட்டியாகத்தான் தெரிந்தது. எது கட்டி, எது நான் என்று பிரிக்கத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வயதில் என் மார்பு எனக்கு அந்நியமாக இருந்தது. பாலத்தடியில் நிற்கிறவளுக்கு அது பழக்கம். நினைக்க வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகம். நான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் கலியாணத்தில் இரண்டு பக்கத்தாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனது வேறு கதை. சேதியைக் கேட்டதும் அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"இஞ்ச பாரும், பயப்பிடாதையும். பெரியாஸ்பத்திரிக்குப் போவம்."

"நீங்க வருவீங்களா?"

மடித்த பத்திரிகையை மறுபடி விரித்தார். ஆஸ்பத்திரி வாசலிலும் சோதனை உண்டு. போன வருடம் ஒரு சுற்றிவளைப்பில் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்து அவரைப் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வேலைக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் அவர் போவதில்லை. கலவரத்தில் நாங்கள் முந்தி இருந்த வீட்டைக் காடையர்கள் எரித்தபோதுகூட, ஒரு சிங்களக் குடும்பத்தின் உரக் கொட்டிலில் மூன்று நாள் ஒளிந்திருந்துவிட்டு, வெளியே வந்து முதல் வேலையாகச் சவரம் செய்த மனிதர். பொலிஸில் இருந்த அந்த இரண்டு நாள் அவரை என்னவோ செய்திருந்தது.

"மரத்தால விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார் கடைசியில். "எனக்கொண்டும் விளங்கேல்லை. நீர் என்ன நினைக்கிறீர்?"

நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிந்தால் அவரிடம் ஏன் கேட்கிறேன்?

அந்தக் கிழமையே மடுல்கெல்லயிலிருந்து அக்கா வந்து இறங்கினாள். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், கொழுந்து பறித்தே காய்ந்த கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி பக்கமே போயிறாத புள்ள. கத்தி வச்சாங்கன்னா அவ்வளவுதான். அம்மாவப் பாத்தியில்ல?"

அம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், ஐந்தாம் மாதம் போய்விட்டாள். கத்தி பட்டதால் பரவியது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். அப்போது நான் ஆசிரியர் கலாசாலை விடுதியில் இருந்தேன். சாவுக்குத்தான் போனேன். ஆகவே அம்மா செத்த விதம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னதுதான்.

படித்தவள் நீ, இதையெல்லாம் நம்பினாயா என்று யாராவது கேட்டால் ஓம் என்றுதான் சொல்லவேண்டும். நம்பினேன். நம்பாமலும் இருந்தேன். காலையில் ஆஸ்பத்திரி என்பேன், மத்தியானம் வேண்டாம் என்பேன். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டம்மா பச்சைப் பப்பாளி என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, பால்மாவை நிறுத்தினால் கட்டி தானாகக் கரையும் என்றாள். நான் பால்மாவையும் நிறுத்தி, பப்பாளியும் தின்று, வயிறு போய்க் கிடந்தேன். இதுதான் கண்ட பலன்.

முடிவில் அக்காதான் கையைப் பிடித்துக் கெலிஓயாவுக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு முஸ்லிம் நாட்டு வைத்தியர். அறுபது வயதுக்கு மேல், வெள்ளைத் தொப்பி, மெல்லிய குரல். பெண் நோயாளிகளை அவர் தொடமாட்டார். நாடி பார்க்கக்கூட மணிக்கட்டில் ஒரு துணியைப் போட்டுத்தான் விரலை வைப்பார். மற்றதையெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்து அவருடைய மனைவி பார்த்துச் சொல்வார். அவர் வெளியே கதிரையில் இருந்து கேட்பார், மனைவி உள்ளேயிருந்து பதில் சொல்வார்.

"எவ்வளவு ஈக்கி?"

"புளியங்கொட்ட அளவு."

"அசையுதா?"

"கொஞ்சம்."

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. யாரும் அதட்டவில்லை, கையை விரிக்கச் சொல்லவில்லை. அந்த அம்மா தொடுவதற்கு முன் தன் கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டார். வைத்தியர் பற்று ஒன்று தந்தார். பச்சிலைகளும் மஞ்சளும் பெருங்காயமும் சேர்த்து அரைத்தது. துணியில் தடவிப் பகல் முழுவதும் மார்பில் கட்டியிருக்க வேண்டும். "மூணு மாசம் பாப்போம். கரையல்லண்டா பெரிய டாக்டர்ட்டத்தான் போகணும், மகள்" என்று சொன்னார். இதை அவர் தெளிவாகத்தான் சொன்னார். மூன்று மாதம் என்பது மட்டும் என் காதில் ஏறியது, மற்றதை நான் ஏற விடவில்லை.

அடுத்த நாள் காலை பற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம், ஒருவருக்காவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். ஒருவருக்கும் செய்யவில்லை. ஒரு தமிழ்ப் பெண் மார்பைச் சுற்றித் தடித்த துணிக் கட்டோடு, அந்தக் காலத்தில், சோதனைச் சாவடிக்குப் போகிறாள்.

கை பட்டதும் அவள் கத்தினாள். பின்னால் பாய்ந்ததில் திரை அவிழ்ந்து விழுந்தது. வெளியே சப்பாத்துச் சத்தம், ஆட்கள் ஓடுகிற சத்தம். "கையைத் தூக்கு, அசையாதே" என்று யாரோ. நான் தூக்கிய கையோடு நின்றேன். வாய் திறந்தால் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பெருங்காயம் மணக்க மணக்கச் சாகப்போகிறேன் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கால் வழியாகச் சிறுநீர் இறங்கியதும் ஞாபகம் இருக்கிறது.

வயதான ஒரு பொலிஸ்காரி வந்தாள். திரையை மறுபடி மாட்டிவிட்டு, தூரத்தில் நின்று, மெதுவாகச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். கட்டை அவிழ்த்தேன். பச்சை விழுது என் வயிற்றில் வழிந்தது. இரண்டு பேரும் மூக்கைப் பொத்தினார்கள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்துவ, பத்துவ" என்று வெளியே பார்த்துச் சொன்னாள். பற்றுக்கு அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வெளியே ஆண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இளையவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து தந்தாள். நான் துடைத்து முடித்த பிறகு, அந்த இடத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள்.

"டாக்டரிடம் போகவில்லையா, டீச்சர்?" என் தொழிலை அட்டையில் பார்த்திருப்பாள்.

"இதுதான் வைத்தியம்" என்றேன் கோபமாக. அவமானத்துக்குக் கோபம் நல்ல மறைப்பு.

அன்றிலிருந்து பற்றைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடக் கழிப்பறையில் வைத்துக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் வகுப்பில் ரசம் மணக்கிறது என்று சொன்னார்கள். கெலிஓயாவுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனோம். திரைக்குப் பின்னால் அந்த அம்மா கையைச் சூடாக்கித் தொட்டு, "முந்தினத்த விட சின்னனா ஈக்கி, பயப்பட வாணாம்" என்பார். வீட்டில் அக்கா தொட்டு, "நல்லா கொறஞ்சிருச்சி" என்பாள். கணவர் தொடமாட்டார். "குறைஞ்சிருக்கெண்டுதானே சொல்லுகினம்?" என்று என்னையே கேட்பார். நானும் குறைந்துவிட்டதாகத்தான் உணர்ந்தேன். அரிசி வெந்தது என்று நாலு பேர் சொன்னால் வெந்ததுதானே.

மூன்றாம் மாதம் நடக்கும்போது ஒரு நாள் காலை. மழை. கூண்டுக்குள் அவள் கை வந்தது, நின்றது.

"டீச்சர், இது பெரிதாகியிருக்கிறது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ டாக்டரா? எல்லோரும் குறைந்துவிட்டது என்கிறார்கள். உன் வேலை குண்டு தேடுகிறது. அதைத் தேடு!"

இவ்வளவையும் சோதனைச் சாவடியில் நின்று, துவக்குகளுக்கு நடுவில், சிங்களத்தில் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

"நான் டாக்டர் இல்லை" என்றாள். "முதலில் ஒரு விரல் வைத்தால் மறையும். இப்போது இரண்டு விரல் வைத்தாலும் வெளியே தெரிகிறது. முந்தி தள்ளினால் நகரும். இப்போது நகர மாட்டேன் என்கிறது."

பின்னால் நின்ற பெண் நேரமாகிறது என்று முணுமுணுத்தாள். நான் வெளியே வந்தேன். பஸ் ஏறினேன். கண்டியில் இறங்கவேண்டிய இடத்தில் இறங்க மறந்து கடைசி வரைக்கும் போனேன். யாரை நம்புவது? என்மேல் அன்பு உள்ளவர்கள் எல்லோரும் ஒன்று சொல்கிறார்கள். என்னைச் சந்தேகப்படுவதற்கென்று சம்பளம் வாங்குகிறவள் வேறொன்று சொல்கிறாள். அவள் ஏன் பொய் சொல்லவேண்டும் என்று யோசித்தேன். அவளுக்கு என்னை ஆறுதல் படுத்தவேண்டிய எந்தத் தேவையும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேரே கெலிஓயாவுக்குப் போனேன், அக்கா இல்லாமல். திரைக்குப் பின்னால் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். அவருடைய கண் நிரம்பிவிட்டது.

"ஒங்கட மொகத்தப் பாத்து செல்ல ஏலாமப் போச்சி, மகள்."

வெளியே கதிரையில் இருந்த வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து நின்றார். மனைவியை அவர் அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னிடம், "என்ட கண்ணு அவதான். அத நம்பித்தான் நான் மருந்து தாறது" என்று மட்டும் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர்களைக் கோபிக்க என்னால் முடியவில்லை. அவர் கொடுத்த கெடுவைப் பாதி கேட்டது நான்.

வீட்டில் அக்கா குதித்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் சேலைப் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் கெட்ட வாய். "அம்மா கத்தியாலதான் செத்தாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கத்தினேன்.

அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"கத்தியாலதான்டி" என்றாள். "கத்தியாலன்னே இருக்கட்டும்."

பிறகுதான் மற்றதைச் சொன்னாள். அம்மா ஒரு வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாளாம். அந்த ஒரு வருடமும் தினமும் காலையில், பிரட்டுக்கு, அதுதான் தோட்டத்தில் பேர் பதிகிற இடத்துக்கு, போவதற்கு முன்னால், புகையிலையை வாட்டி மார்பில் கட்டிவிட்டது அக்கா. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பதால் அம்மா ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். கட்டிவிட்டு அக்காவும் அவளோடு கொழுந்து மலைக்குப் போவாள். புண்ணாகி நாறின பிறகுதான் கொண்டுபோனார்கள்.

இருபது வருடமாக அக்கா ஏன் கத்தியைத் திட்டினாள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஆனால் கோபமும் இருந்தது. அதே கையால் எனக்கும் கட்டிவிட்டாயே என்று கேட்க வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். வாசல் சோதனையில் என் கணவர் அட்டையை எடுத்தார், மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார், பிறகு எடுத்து நீட்டினார். "வாறன், நீர் முன்னுக்குப் போம்" என்றார். ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் பாதி இங்கிலீஷில் பாதி சிங்களத்தில் விளக்கினார். என் கணவர் தமிழில் எனக்குச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "நல்லதில்லை" என்றார். இன்னும் முன்னதாக வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாமோ என்று கேட்டேன். இருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம் என்ற சொல்லோடுதான் இன்றைக்கும் நான் இருக்கிறேன். இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்கா வெளியே வாங்குப் பலகையில், காவலுக்கு மடியில் ஒரு தேசிக்காயை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

பல மாதம் கழித்துத்தான் மறுபடி வேலைக்குப் போனேன். மார்பு இருந்த இடத்தில் வைக்க அக்கா ஒரு பை தைத்துத் தந்திருந்தாள். இலவம் பஞ்சு மட்டும் வைத்தால் மேலே ஏறுகிறது என்று, பாரத்துக்கு இரண்டு பிடி குரக்கன் தானியமும் போட்டிருந்தாள். அதை உள்ளே வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருக்கும்போது, இதற்கும் ஒரு கத்தல் காத்திருக்கிறது என்று பயந்தேன். முன்கூட்டியே சொல்வதற்குச் சிங்கள வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டு போனேன்.

கூண்டுக்குள் அவள்தான் நின்றாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிடுவதா? அவள் என்னைத் தொட்டது என் நல்லதுக்காக இல்லை. நான் யார் என்று என் அட்டை சொன்னதற்காக. அந்தக் கூண்டை நான் வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன். அது இல்லாவிட்டால் நான் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படி ஒருத்தியின் முகத்தைப் பார்ப்பது?

வழக்கம்போலக் கைகளை விரித்தேன். அவள் கை இடது பக்கம் வந்தது. குரக்கன் நெறுநெறுத்தது. கை நின்றது. நான் கட்டிக்கொண்டு வந்த வாக்கியம் மறந்துபோயிற்று. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் கத்தவில்லை. பையை வெளியே எடுக்கச் சொல்லவில்லை. அந்தக் கை வலது பக்கத்துக்குப் போனது. விரல்களைச் சேர்த்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து, கக்கத்துக்குள் போய், மறுபடி வந்து தேடினாள். குண்டு தேட அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. வெளியே பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். நான் கூரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முகுத் நே, டீச்சர்" என்றாள்.

ஒன்றும் இல்லை.

விரித்த கையை இறக்க எனக்குத் தோன்றவில்லை. அவளே இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிட்டு, அடுத்தவளைக் கூப்பிட்டாள்.